பணியும் காவலும்

சிருஷ்டியின் வரலாற்றை வேதாகமத்தின் முதலேட்டில் வாசியாத கிறிஸ்தவர் இலர். ஞாயிற்றுப் பள்ளியிற் பயிலும் சிறுவரும் ஆறு நாட்களின் கிரியைகளை வரிசை பிறழாமல் ஒப்பிப்பர். எனினும், அவ்வரலாறு நம்மிடத்தில் யாது கேட்கின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. உலகம் எவ்வாறு உண்டாயிற்று, எத்துணைக் காலத்தில் உண்டாயிற்று என்பன குறித்து மாணவ நண்பர்கள் இரவு நெடுநேரம் வாதிடுவதைக் கேட்டிருக்கின்றோம். உண்டாக்கப்பட்ட உலகில் மனிதன் எதற்காக வைக்கப்பட்டான் என்பது குறித்து அத்தகைய வாதம் எழக் கேட்டதில்லை. முன்னையது விடுதியில் விளக்கணைந்ததும் முடிந்துவிடக்கூடிய வாதம். பின்னையதோ மறுநாட் காலையிலும் நம்மைத் தொடர்ந்து வருவது. அதனாற்றான் போலும் அதனை எவரும் எளிதிற் தொடுவதில்லை. அதனையே இவ்வியாசத்திற் சிறிது ஆராயக் கருதுகின்றோம். எபிரெய மூலத்திலுள்ள இரண்டு வினைச்சொற்கள் நமக்கு வழிகாட்டும்.

இவ்வாராய்ச்சியைக் கல்லூரிப் பத்திரிகையிற் செய்வதற்கு ஒரு காரணமும் உண்டு. 1967-ஆம் ஆண்டில் லின் ஒயிட் என்னும் அமெரிக்க சரித்திர பண்டிதர் 'சயன்ஸ்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். காடுகள் அழிவதற்கும், ஆறுகள் நஞ்சாவதற்கும், காற்று மாசுறுவதற்கும் ஆணிவேர் யாது எனத் தேடிச் சென்ற அவர், மேல்நாட்டுக் கிறிஸ்தவத்தின் வாசலில் வந்து நின்றார். மரந்தோறும் ஊற்றுதோறும் ஒரு தேவதை உண்டு என்று அஞ்சியிருந்த மக்களின் அச்சத்தைத் திருச்சபை நீக்கிவிட்டது. பூமியனைத்தும் மனிதனுக்காகவே உண்டாயிற்று என்று கற்பித்தது. அச்சம் நீங்கிய கை கோடரியை எடுக்கத் தயங்கவில்லை. இதுவே அவருடைய குற்றச்சாட்டின் சாரம். இங்ஙனம் எழுதியவர் மதவிரோதியல்லர், தாமும் கிறிஸ்தவரே. அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவரை இத்துறைக்குக் காவலராகக் கொள்ளலாம் என்று கட்டுரையின் முடிவில் அவரே பரிந்துரைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1979-இல், இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அவ்வாறே அறிவித்தார். ஆயினும் குற்றச்சாட்டு நின்றுவிட்டது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் பலர் மூலக் கட்டுரையை வாசியாமலே அதன் முடிபை மாத்திரம் அறிந்திருக்கின்றனர்.

இதற்கு விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் ஆதியாகமத்தின் முதலதிகாரத்தை மென்மைப்படுத்திவிட முயல்வர். அது நேர்மையாகாது. அவ்வதிகாரத்தின் 28-ஆம் வசனத்தில், பூமியைக் கீழ்ப்படுத்தவும் உயிர்களை ஆளவும் மனிதனுக்குக் கட்டளை பிறக்கின்றது. கீழ்ப்படுத்துதல் என்பதற்கு மூலத்திலுள்ள 'கவாஷ்' என்னும் சொல், யோசுவாவின் காலத்தில் கானான் தேசம் வெல்லப்பட்டதைக் குறிக்கவும், எரேமியாவின் காலத்தில் விடுதலை பெற்ற அடிமைகளை மீண்டும் அடிமைப்படுத்தியதைக் குறிக்கவும் வழங்குகின்றது. கடுமையான சொல் என்பதில் ஐயமில்லை. அப்பண்டிதர் அதனைக் கண்டு திடுக்கிட்டது வியப்பன்று.

ஆனால் ஆளுதல் என்பதற்குரிய 'ராதாஹ்' என்னும் மற்றைச் சொல்லை வேதாகமம் எங்ஙனம் கையாளுகின்றது என்பதையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். உன் சகோதரனைக் கொடுமையாய் ஆளாதே என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் தடுக்கின்றது. மந்தையைக் கடூரமாய் ஆண்ட மேய்ப்பர்களை எசேக்கியேல் 34-ஆம் அதிகாரம் கடிந்துகொள்ளுகின்றது. இரண்டிடத்தும் சொல் அதுவே. ஆட்சி கொடுக்கப்பட்டது உண்மை. ஆண்ட விதத்துக்குக் கணக்குக் கேட்கப்படுவதும் உண்மை. மேலும், ஆளுங் கட்டளை பிறந்த அடுத்த வசனத்திலேயே மனிதனுக்கு உணவாக விதை தரும் பூண்டுகளும் கனிமரங்களும் குறிக்கப்படுகின்றன. மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பசும்பூண்டு. புலாலுண்ண அநுமதி ஜலப்பிரளயத்துக்குப் பின்னர், 9-ஆம் அதிகாரத்திலேதான் வருகின்றது. கொன்று தின்னவும் உரிமையளிக்காத ஓர் ஆட்சி அது. நம்மில் எத்தனைபேர் அதனை ஆட்சி என்று ஒப்புக்கொள்ளுவோம்?

இனி இரண்டாம் அதிகாரம். இங்கே கதை வேறு கதியிற் செல்லுகின்றது. முதலதிகாரத்தின் பெருங்கம்பீரம் இல்லை. கடவுள் குயவனைப்போல் மண்ணைப் பிசைகின்றார். மனிதனுக்கு 'ஆதாம்' என்று பெயர். அவன் எடுக்கப்பட்ட மண்ணுக்கு 'ஆதாமாஹ்' என்று பெயர். எபிரெயர் செவியில் இவ்விரண்டும் தாயும் பிள்ளையும்போல் ஒலித்திருக்கும். தமிழில் இவ்வோசை நயத்தைக் கொணர வழியில்லாமற் போயிற்று. அம்மனிதனை ஒரு தோட்டத்தில் வைத்து, இன்னது செய்யவேண்டும் என்று 15-ஆம் வசனம் இரண்டே சொற்களிற் சொல்லிவிடுகின்றது. அவை 'அவாத்', 'ஷமார்' என்பன. ஹென்றி பவர் ஐயர் தலைமையிற் சீர்திருத்தப்பட்டு 1871-இல் வெளிவந்து, இன்றும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம், முன்னதைப் பண்படுத்துதல் என்றும் பின்னதைக் காத்தல் என்றும் பெயர்த்துள்ளது.

பண்படுத்துதல் என்பது நிலத்துக்கு இயைந்த அழகிய சொல், பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயினும் அச்சொல்லினுள் அடங்காத ஒரு பொருள் மூலத்தில் உண்டு. எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் அறுத்துச் சுமந்த கொடுவேலையை யாத்திராகமம் கூறுமிடத்து வருவதும் 'அவாத்' என்னும் அதே வேர்ச்சொல்தான். என் ஜனங்களைப் போகவிடு என்று மோசே பார்வோன் முன் நின்று உரைக்கும்போது, எதற்காகப் போகவிடவேண்டும் என்று சொல்ல வருவதும் அதுவே. அங்கே தமிழ் வேதாகமம் 'ஆராதனை' என்று பெயர்க்கின்றது. ஒரே சொல் தோட்டத்தில் உழவாகவும், சூளையில் அடிமைத்தனமாகவும், வனாந்தரத்தில் வழிபாடாகவும் தோன்றுகின்றது. செய்யும் வேலை யாருக்காகச் செய்யப்படுகின்றது என்பதைப் பொறுத்தே பொருள் மாறுகின்றது.

இதற்கு ஒப்பான சொல் தமிழில் இல்லையென்று எண்ணவேண்டா. 'பணி' என்பது உண்டு. பணி என்றால் வேலை; பணி என்றால் தொண்டு; பணிதல் என்றால் வணங்குதல். உழவனுடையதும் பணி, கோயிற் பூசகருடையதும் பணி. இப்பொழுது உத்தியோகம் என்பதற்கும் பணி என்றே எழுதுகின்றோம், வணங்குதல் என்ற பொருளை அடியோடு மறந்து. மொழிபெயர்ப்பாளர் ஏதேன் தோட்டத்தில் இச்சொல்லை இட்டிருப்பாராயின், இக்கட்டுரையின் பாதி வேண்டாததாகியிருக்கும்.

இனி, இவ்விரு சொற்களும் இணைந்து வேறெங்கு வருகின்றன என்று தேடினால், விளைவு வியப்பூட்டுவது. எண்ணாகமம் 3-ஆம் அதிகாரத்தில் லேவியருக்கு ஆசரிப்புக்கூடாரத்தின் ஊழியம் ஒப்புவிக்கப்படுகின்றது. கூடாரத்துப் பணிவிடை செய்வதும், அதன் காவலைக் காப்பதுமே அவர்களுடைய கடமை. அங்கும் 'அவாத்', 'ஷமார்' என்ற சொற்களே. 8-ஆம் அதிகாரத்திலும் 18-ஆம் அதிகாரத்திலும் இவை மீண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே, ஆதாமைத் தோட்டக்காரன் என்று மட்டும் சொல்லுதல் போதாது, அவன் ஆசாரியனுமாவான். தோட்டம் அவனுக்கு ஆலயம். மண்வெட்டி அவனுக்குப் பூசைக்கருவி. வேத பண்டிதர் பலர் இதனை எடுத்துக் காட்டியுள்ளனர். பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலிலும், ஆளுங் கட்டளையைத் தனியே பிரித்தெடுத்து வாசித்தல் பிழையென்றும், இவ்வசனத்தின் துணைகொண்டே அதனை வாசிக்கவேண்டுமென்றும் கூறப்பட்டுள்ளது.

இதுவரை சொன்னது சொல்லாராய்ச்சி. இது இனிமையானது, ஆயினும் இத்தோடு நின்றுவிட்டால் ஒரு தேர்வுக்கு மட்டுமே பயன்படும். ஆதியாகமம் தானே இத்தோடு நிற்கவில்லை. ஆதாம் விலக்கப்பட்ட கனியை உண்டபின் தோட்டத்தினின்று துரத்தப்படுகின்றான். நிலத்தைப் பண்படுத்தும் வேலை அவனோடு வெளியே வருகின்றது. 3-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனத்திற் காண்க. ஆனால் காவல்? அடுத்த வசனத்தில் ஜீவவிருட்சத்தின் வழியைக் காக்கும்படி கேருபீன்கள் நிறுத்தப்படுகின்றன. அங்கே நிற்பது 'ஷமார்' என்னும் சொல். காவல் மனிதனுடைய கையினின்று எடுக்கப்பட்டுவிட்டது. பணி தொடர்கின்றது, காவல் போயிற்று.

இது தற்செயலாய் அமைந்ததோ எனின், நான்காம் அதிகாரத்தை வாசிக்க. காயீன் நிலத்தைப் பயிரிடுகிறவன் என்று அறிமுகமாகின்றான், அங்கே 'அவாத்'. தந்தையின் தொழிலை அவன் விடவில்லை. விளைச்சலிற் காணிக்கையும் கொணர்ந்தான். தொழிலுடையவன், வழிபாடுடையவன், நம் காலத்தவர் மதிக்கத்தக்க மனிதன். அவனே வயல்வெளியில் தம்பியைக் கொன்றான். தம்பி எங்கே என்று கேட்கப்பட்டபோது, அவனுக்கு நான் காவலாளியோ என்று திருப்பிக் கேட்டான். காவலாளி என்பதற்கு மூலத்தில் நிற்பது 'ஷமார்' என்பதன் உருவமே. தோட்டத்தில் தந்தைக்கு இடப்பட்ட இரண்டாம் கட்டளையைக் குறித்துத்தான் மகன் எனக்கென்ன என்கின்றான். உடனே மண் பேசத் தொடங்குகின்றது. இரத்தத்தைக் குடித்த நிலம் இனித் தன் பலனை அவனுக்குக் கொடாது என்று தீர்ப்பாகின்றது. மனிதனைக் காவாதவனுக்கு மண்ணும் விளையாது. சகோதரனைக் காப்பதும் நிலத்தைக் காப்பதும் வெவ்வேறு அறங்கள் அல்ல என்பது இக்கதையின் உட்கிடை. சுற்றுப்புறத்தைக் காப்போம் என்று முழங்குவோரும், ஏழைக்கு இரங்குவோம் என்று முழங்குவோரும் இருவேறு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கும் இக்காலத்தில், இப்பழங்கதை இருசாராரையும் ஒரே கேள்வியின்முன் நிறுத்துகின்றது.

கல்லூரியில் நாம் கற்பது பெரும்பாலும் 'அவாத்'தே. மண்ணின் சத்தைப் பகுத்தறியவும், ஆற்றின் விசையை மின்சாரமாக்கவும், நோயின் கிருமியைக் கண்ணாடியின் கீழ் நோக்கவும் பயில்கின்றோம். இவையெல்லாம் நல்ல பணி. காத்தலுக்கு மட்டும் பாடத்திட்டத்தில் இடமில்லை. அதற்குப் பட்டமும் இல்லை. விடுதி உணவுக்கூடத்தில் இலையில் எறியப்படும் சோற்றையும், அதனை வாரிக் கொட்டும் பணியாளரின் பெயரை மூன்றாண்டில் ஒருமுறையேனும் கேட்டறியாத நம் மௌனத்தையும் எண்ணும்போது, காயீனுடைய வினா அவ்வளவு தொலைவிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. இது கிறிஸ்தவ மாணவர்க்கு மாத்திரம் உரைத்ததன்று. ஆனால் சிருஷ்டிகரை விசுவாசிக்கின்றேன் என்று ஞாயிறுதோறும் எழுந்துநின்று அறிக்கையிடுவோர் முதலில் இதனைக் கேட்டுக்கொள்ளல் தகும்.

நியாயப்பிரமாணம் இதனைப் பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. ஆறுநாள் வேலை செய்க என்ற கட்டளையிலும் 'அவாத்' உண்டு; ஓய்வுநாளை ஆசரிக்க என்று உபாகமம் 5-ஆம் அதிகாரம் விதிக்குமிடத்தில் நிற்பது 'ஷமார்'. அவ்வோய்வு வீட்டுத் தலைவனுக்கு மாத்திரமன்று. வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், அந்நியனுக்கும், மாட்டுக்கும், கழுதைக்கும் உரியது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டலாகாது. முற்றுகைக் காலத்திலும் பகைவனுடைய கனிமரத்தை வெட்டலாகாது. யுத்தம் நடக்கும்போது மரத்துக்காகப் பரிந்து பேசும் இச்சட்டம் உபாகமம் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளது; லின் ஒயிட் பண்டிதர் இதனையும் எடுத்து ஆராய்ந்திருந்தால் நலமாயிருந்திருக்கும்.

இத்துணையும் ஏட்டில் உள்ளது. ஏட்டிலுள்ளதை வாழ்விற் கொணர்ந்தவர் எவரேனும் உளரோ என்று கேட்கப்படும். உளர், அவரைக் காண, கிறிஸ்தவம் மிகப் பழைமையாய் வேரூன்றிய ஒரு நாட்டுக்குச் செல்லவேண்டும். ஏதேனிலிருந்து பிரிந்தோடிய நான்கு ஆறுகளில் இரண்டாவதாகிய கீகோன், எத்தியோப்பியா தேசத்தைச் சூழ்ந்தோடுவதாக நம் வேதாகமம் கூறுகின்றது. மூலத்தில் கூஷ் தேசம். எத்தியோப்பியர் தம் நாட்டில் தானா ஏரியிலிருந்து இறங்கி ஓடும் நீல நைல் நதியே அக்கீகோன் என்று நெடுங்காலமாக நம்பி வருகின்றனர். பூகோள ஆசிரியர் இதனை ஏற்கமாட்டார். ஆயினும், ஏதேனின் நீர் தம் ஊர்வழியே ஓடுகின்றதென்று நம்பும் மக்கள், அதன் கரையில் எங்ஙனம் வாழ்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

நான்காம் நூற்றாண்டில் எசானா என்னும் அரசன் காலத்திற் கிறிஸ்தவத்தைத் தழுவிய நாடு அது. அதன் வடபகுதி மேட்டுநிலங்கள் ஒருகாலத்திற் காடடர்ந்திருந்தன. உழவும் மேய்ச்சலும் விறகுத் தேவையும் பல நூற்றாண்டுகளாய் அவற்றை அழித்துவிட்டன. இன்று வானவூர்தியிலிருந்து நோக்குவோர்க்குக் கபிலநிற வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்க, அவற்றினிடையே அங்கங்கே பச்சைப் பொட்டிட்டாற்போல் வட்டமான சோலைகள் தோன்றும். ஒவ்வொரு சோலையின் நடுவிலும் ஓர் ஆலயம். காட்டொலிவ மரமும் ஜூனிப்பர் மரமும் வேறிடங்களில் அருகிவிட்ட பல நாட்டு மரங்களும் அவ்வாலயக் காடுகளிலேதான் எஞ்சியிருக்கின்றன.

ஆலயத்தின் அமைப்பே ஒரு வியாக்கியானம். அவற்றிற் பல வட்டவடிவின. வட்டத்துக்குள் வட்டமாக மூன்று பகுதிகள். வெளிச்சுற்றிற் பாடகர் நின்று பாடுவர். நடுச்சுற்றிலே நற்கருணை வழங்கப்படும். உள்ளே மூலஸ்தானம்; குருமாரன்றி எவரும் அதனுட் புகார். அங்கே 'தாபோத்' எனப்படும் பலகை வைக்கப்பட்டிருக்கும். அது உடன்படிக்கைப் பெட்டியின் அடையாளம். அஃதின்றேல் அக்கட்டடம் ஆலயமாகாது. இதனைச் சுற்றி நிற்கும் காடு ஏதேன் தோட்டத்தின் சாயல் என்பது அம்மக்கள் கருத்து. ஆலயத்துக்கு அது ஆடை என்றும், ஆடையற்ற ஆலயம் நாணத்துக்குரியது என்றும் கருதுகின்றனர். எண்ணாகமத்தின் கூடாரமும் ஆதியாகமத்தின் தோட்டமும் இங்கே ஒரே இடத்தில் நிற்கின்றன. எபிரெயச் சொற்களை ஒப்பிட்டுப் பண்டிதர் கண்டதனை, இலக்கணம் பயிலாத உழவர்கள் மரம் வெட்டாதிருந்து காட்டிவிட்டனர்.

இச்சித்திரத்தை முற்றும் பொன்னாக்கிக் காட்டுதல் தகாது. அத்திருச்சபை பல நூற்றாண்டுகள் பெருநிலக்கிழாராயும் இருந்தது. அதன் நிலத்தில் உழுதோர் வறியராகவே இருந்தனர். 1974-இல் மன்னராட்சி வீழ்ந்து, மறுவருடம் நாட்டுப்புற நிலமெல்லாம் அரசுடைமையானபோது, திருச்சபையின் பரந்த நிலங்கள் போயின. ஆலயத்தைச் சூழ்ந்த காடுகள் மட்டும் நின்றன. மரத்தைக் காத்தவர் மனிதனைக் காத்தனரா என்னும் காயீன் கேள்வி அங்கும் கேட்கப்படவேண்டியதே. அன்றியும், அக்காடுகள் இப்போது வலுவாக இல்லை. ஆலெமாயெஹூ வாஸ்ஸீ என்னும் எத்தியோப்பிய தாவர விஞ்ஞானி, தென் கொண்டார் பகுதியிலுள்ள 28 ஆலயக் காடுகளை ஆராய்ந்து, 2007-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து வாகனிங்கன் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். முதுமரங்கள் ஓங்கி நிற்பினும், அவற்றின் கீழ் இளங்கன்றுகள் எழவில்லை என்பது அவர் கண்டவற்றுள் முக்கியமானது. விதை விழுகின்றது, முளைக்கின்றது. மேய வரும் மாடுகள் கடித்தும் மிதித்தும் அழித்துவிடுகின்றன. கிழமரம் விழும்போது அவ்விடத்தில் ஏறி நிற்கப் பிள்ளைமரம் இல்லை. ஓரங்களில் வயல்கள் ஆண்டுக்காண்டு ஓரடி உள்ளே நகர்கின்றன. விரைவிற் பணந்தரும் யூகலிப்டஸ் மரத்தை நடும் ஆசை வேறு. வெட்டாமலிருப்பதே காவல் என்றிருந்தவர்க்கு, அது போதாது என்ற செய்தி துயரமாகவே இருந்திருக்கும்.

ஆலெமாயெஹூவும், மார்கரெட் லோமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் குருமாரைக் கூட்டி, வானிலிருந்து எடுத்த படங்களைக் காட்டினர். தம் ஆலயத்தின் ஆடை சுருங்கி வருவதை அவர்கள் அப்போது கண்ணாற் கண்டனர். மதில் எழுப்புவது என்று முடிவாயிற்று. சிமெண்டும் செங்கல்லும் வாங்கப் பொருளில்லை, வேண்டியதுமில்லை. மேட்டுநிலத்து வயல்களெங்கும் கற்கள் நிறைந்து கிடக்கின்றன. ஏர் ஓட்டுவோர்க்கு அவை தீராத தொல்லை. உழவர் தம் வயலிற் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுமந்து கொணர்ந்து, சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் காட்டைச் சுற்றி மதிலிட்டனர். கல் நீங்கிய வயலில் ஏர் இடையூறின்றிச் செல்கின்றது. மதிலினுள்ளே மாடு புகாத இடத்தில், ஒலிவக் கன்றுகள் தலையெடுக்கின்றன.